முட்டை மாஸ்டர் வீட்டு அக்கா

ஒசூரில் நான் குடியிருந்த லைன் வீட்டில் ஒரு அக்கா இருந்தார். சொந்த ஊர் பாகலூர் பக்கம். வீட்டில் தெலுங்கு, காய்க்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று பாஷையிலும் பிரமாதமாக அதிகாரம் பண்ணுவார். மூன்றிலும் கேள்வி கேட்க மட்டும் தெரியாது.

நான் ஊத்தங்கரைக்காரன். வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை கிடைத்து, ஒரு வாளியும் பாயுமாக அங்கே குடிவந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போய் ஜன்னலைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வாசலில் தட்டோடு நின்றார். சோறு, மேலே பாகற்காய்க் குழம்பு.

"நான் பாகக்கா சாப்புட மாட்டேன்க்கா" என்றேன்.

"சாப்புடு" என்றார்.

சாப்பிட்டேன். அந்தக் குரலுக்கு வேறு வழி கிடையாது. நான் அங்கே இருந்த வரைக்கும் எனக்குப் பாகற்காய் பிடிக்கும் என்பது லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரமாக இருந்தது.

அக்காவுக்கு அதில் ஒரு கொள்கையே உண்டு. "கேட்டுக் கேட்டுப் போட்டா அது ஓட்டலு தம்பி. கேக்காம போட்டாத்தான் வீடு" என்பார். டீயில் சர்க்கரை எவ்வளவு என்று யாரையும் கேட்டதில்லை. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்புப் புடவை எடுக்கப் போனபோது அவளையும் கூட்டிக்கொண்டுதான் போனார். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் பச்சையில் ஒன்றை எடுத்து பில் போட்டுவிட்டார். அவளுக்குப் பச்சை ஆகாதாம். என்னிடம் வந்து அழுதாள். அழுதுவிட்டு அதையே கட்டிக்கொண்டாள்.

ஒருமுறை அக்கா கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் ஒரு வயசான அம்மா, கையில் பிளாஸ்க், மடியில் துணிப்பை. பார்த்தவுடன் அக்கா முடிவு பண்ணிவிட்டார், இது ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று. ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கையைப் பிடித்து இறக்கி, கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டு, வாட்ச்மேனிடம் வார்டு எது என்று காட்டச் சொல்லியும் விட்டார். அந்த அம்மா போக வேண்டியது மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு. இதை அக்காவே எங்களிடம் சொன்னார், அந்த அம்மாவின் மேல் குற்றமாக.

"அது வாயத் தொறந்து சொல்ல வேணாமா? ஊமையா அது?"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். இதை வைத்து அவரை ஒரு தொல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு தடவை காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் போய்விடும் என்று சாதித்துக்கொண்டு கிடந்தேன். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்டோ வாசலில் நின்றது, சட்டையை மாட்டிவிட்டார், கூட்டிக்கொண்டு போனார். டெங்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். கேட்டிருந்தால் நான் வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால் அக்காவைத் திட்ட எனக்கு எப்போதும் வாய் வந்ததில்லை.

அக்காவின் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்போம். தையல் மாஸ்டரோ டீ மாஸ்டரோ இல்லை, முட்டை மாஸ்டர். எல்லை தாண்டி பெங்களூரில் ஒரு கஃபேயில் காலை டிபன் அவர் பொறுப்பு. விடியும் முன்பே பஸ் பிடித்துப் போய்விடுவார். அங்கே அதிகம் போகிற அயிட்டம் அவகாடோ டோஸ்ட். நம் பக்கத்து ஜூஸ் கடையில் பாலோடு அடித்துக் கொடுப்பார்களே பட்டர் ஃப்ரூட், அதுதான். உப்பும் எலுமிச்சையும் போட்டு மசித்து, சுட்ட ரொட்டியில் தடவி, மேலே ஒரு முட்டையை வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த முட்டையை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பதத்தில் கேட்பார்கள். இங்கிலீஷில் அதற்கு ஏகப்பட்ட பெயர் இருக்கிறதாம். மாஸ்டர் மூன்றாகச் சுருக்கி வைத்திருந்தார். ஓடுறது, ஆடுறது, நிக்கிறது. வெட்டினால் மஞ்சள் கரு ஓட வேண்டுமா, தட்டை அசைத்தால் ஆட வேண்டுமா, அப்படியே கெட்டியாக நிற்க வேண்டுமா.

ஒரு திங்கட்கிழமை, அவருக்கு வாராந்திர லீவு, லைன் வீட்டுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தார். வாசலில் அடுப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தரையும் கேட்டார். "உங்களுக்கு எப்படி? ஓடணுமா, ஆடணுமா?" அவர் கேட்கிற விதம் அவ்வளவு மரியாதையாக இருக்கும், சாதாரண ஆஃப் பாயில் தின்கிற எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடுறது என்றேன். தட்டை என் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்துக் கொடுத்தார். அதென்னவோ அவர் பழக்கம்.

எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அக்கா பார்த்தார். பேசாமல் கரண்டியை வாங்கி, கெட்டியாக ரெண்டு முட்டையைப் போட்டு அவர் தட்டில் தள்ளினார்.

"ஊருக்கே முட்ட போட்டுக் குடுக்கறவருக்கு வீட்டுல இல்லாம போவுமா? தின்னுங்க. ஒழைக்கிற ஒடம்பு."

தினசரி நடப்பதுதான் அது. முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல், ஒன்றுமில்லாவிட்டால் அவித்தது. அவர் தின்றார், வாய்க்கு வாய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு. காரமே இல்லாததற்கு எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

ஆடி மாதம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மாஸ்டர் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் குழாய் அடைப்பு. வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரால் உட்கார முடிந்தது, கண்ணால் பார்க்க முடிந்தது, ஊட்டினால் விழுங்கவும் முடிந்தது. ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்றார். அக்கா ஸ்பூனைக் கொண்டுபோனால் உதடு ஒட்டிக்கொள்ளும். நாளுக்கு நாள் கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது.

டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று. அக்காவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே ஆகாது. அவருடைய அப்பாவுக்குக் கடைசியில் அந்த டியூப் போட்டார்களாம். "அது போட்டா வீட்டுக்குத் திரும்ப மாட்டாரு தம்பி" என்று என்னிடம் சொன்னார். எப்படியாவது வாயால் நாலு கவளம் இறங்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு சின்னப் பெண் வந்தாள். அக்கா ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்களே முடிவு பண்ணாதீங்கம்மா. ரெண்டு மூணு தட்டு வைங்க. எது வேணும்னு கேளுங்க. கேட்டுட்டுப் பேசாம இருங்க. அவரு கண்ணாலயோ கையாலயோ காட்டுற வரைக்கும் வெயிட் பண்ணுங்க."

அக்காவுக்கு இதைவிடக் கஷ்டமான மருந்தை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. அவள் போன பிறகு வெகு நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் மார்க்கெட்டில் பட்டர் ஃப்ரூட்டும், ரொட்டியும், அட்டை அட்டையாக முட்டையும் வாங்கி வந்தார்.

அவர் யோசனை எனக்கும் சரியென்றுதான் பட்டது. வாழ்நாளெல்லாம் ஒரு மனுஷன் எதைச் செய்து எல்லோருக்கும் கொடுத்தாரோ, அதற்கு அவர் நாக்கு ஏங்காதா? அதைக் கண்ணில் காட்டினால் வாய் தானாகத் திறக்கும்.

ஆனால் அக்காவுக்கு அந்த முட்டை வரவில்லை. குழம்பில் உடைத்து ஊற்றத் தெரியும், ஆம்லெட் தெரியும். இது வேறு வித்தை. தீ கொஞ்சம் கூடினால் ஓரம் முறுகிப்போகிறது, திருப்பினால் கரு உடைகிறது, மூடி வைத்தால் மேலே வெள்ளையாகப் படிகிறது. உடைந்ததெல்லாம் லைன் வீட்டுக்கு வந்தது. நாங்கள் காலை மாலை முட்டை தின்றோம். ஒரு வாரத்தில் ஒருவழியாக மூன்று தட்டு தயாரானது. ரொட்டியின் ஓரங்களை வெட்டி, பழத்தைக் களிம்பாகத் தடவி, ஒன்றில் ஓடுறது, ஒன்றில் ஆடுறது, ஒன்றில் நிக்கிறது.

மூன்றையும் மாஸ்டர் முன்னால் வைத்தார்.

"எதுங்க வேணும்?"

பதில் வேண்டி அக்கா கேட்டு என் காதில் விழுந்த முதல் கேள்வி அது. குரல் ஒருமாதிரி கரகரத்தது, பழகாத செருப்பைப் போட்டு நடக்கிற மாதிரி. மாஸ்டர் தட்டுகளைப் பார்த்தார். இடது கையை மெல்லத் தூக்கி, நடுத் தட்டைத் தொட்டு, அன்றைக்கு எனக்கு வைத்த மாதிரியே அக்காவின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"ஆடுறது. ஆடுறதுதான் கேக்கறாரு" என்றார் அக்கா. அன்றைக்கு மாஸ்டர் வாயைத் திறந்தார். ரொட்டி ஓரத்தில் பழம் மட்டும் இருந்த பக்கத்திலிருந்து ரெண்டு வாய் போயிற்று. அக்கா ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டிச் சொன்னார். எதிர்வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர், அவரையும் எழுப்பிச் சொன்னார்.

மறுநாள் அதே ஆடுறதை வைத்தார். உதடு திறக்கவில்லை. அதற்கு மறுநாள் மாஸ்டர் முதல் தட்டைத் தொட்டார், தின்னவில்லை. பிறகு எதையும் தொடவில்லை. அக்கா எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய் போட்டுப் பார்த்தார். நாட்டுக்கோழி முட்டை வாங்கிப் பார்த்தார். மிளகைத் தூவினார், தூவாமல் விட்டார். ஓடுறதுக்கும் ஆடுறதுக்கும் நடுவில் ஒரு பதம் கண்டுபிடித்தார். ரெண்டு தட்டுக்கு நடுவில் இவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நேத்தைக்கு விட இன்னிக்குக் கொஞ்சம் மேல வெந்துருச்சு. அதான் அவுருக்குப் புடிக்கல" என்பார். மறுநாள், "கொஞ்சம் பச்சையா போச்சு."

புரட்டாசி பிறந்தது. லைன் வீடு முழுக்கச் சைவம். அக்காவும் பெருமாளுக்கு விரதம், சனிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பாடு. இருந்தாலும் முட்டையை நிறுத்தவில்லை. வீட்டுக்குள் சாமி படம் இருக்கிறதென்று வெளியே சின்ன அடுப்பை வைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் துணியோடு வந்து முட்டை போடுவார். போட்டுவிட்டு மறுபடி குளிப்பார். விரதக்காரர் என்பதால் உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. லைன் வீட்டுக்குச் சொந்தக்காரம்மா வந்து, ஊரே கோவிந்தா போடுகிற நாளில் வாசலில் இந்த வாடை வேண்டுமா என்று முணுமுணுத்தார். அக்கா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பெருமாளுகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

மாஸ்டர் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாணலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கா நாற்காலியையும் திருப்பி வைப்பார், அடுப்பு நன்றாகத் தெரிகிற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஃபேயில் கேஷ் பார்க்கிறவர் மாஸ்டரைப் பார்க்க வந்தார். கன்னடக்காரர், நல்ல மனுஷர், ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்திருந்தார். மாஸ்டரின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் மேஜை மேலிருந்த மூன்று தட்டுகளைப் பார்த்து, நாங்கள் சாப்பிட வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"மாஸ்டருக்குத்தாங்க" என்றார் அக்கா. "எந்தப் பதம்னுதான் புடிபட மாட்டேங்குது. அங்க அவரு எப்படிப் போட்டுத் தின்னுவாரு? நீங்க பாத்திருப்பீங்களே."

அவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஏதோ பழைய வேடிக்கை ஞாபகம் வந்த மாதிரி.

"மாஸ்டர் முட்டே தின்னல்லா அக்கா. அந்த வாசனே அவருக்கு ஆகல்ல. நாங்கெல்லாம் கேலி பண்ணுவோம், முட்டே தின்னாத முட்டே மாஸ்டர்னு. வேலே முடிஞ்சு சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவுவாரு."

"இல்லீங்க" என்றார் அக்கா. "வீட்டுல தின்னுவாரு. தெனமும் தின்னுவாரு."

அந்த மனுஷருக்கு அப்போதுதான் எங்கேயோ காலை வைத்துவிட்டோம் என்று உறைத்தது. "வீட்டுலே அப்படி இருக்கும் அக்கா" என்று ஏதோ சமாளித்தார். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது.

அக்கா உள்ளே போனார். பாத்திரச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது. "டீக்கு சக்கர போடலாமுங்களா?"

வந்தவர் போன பிறகு அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். என் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"மூணு தட்டு வெச்சேனே தம்பி. மூணுலயும் முட்ட."

நடுத் தட்டை விரலால் தள்ளினார்.

"ஏன் சொல்லல அவரு? ஒரு நாளாச்சும், எனக்கு இது வேணாம்னு ஒரு வார்த்த. நான் என்ன அடிச்சிருவனா? ஊரையெல்லாம் கேக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு இத சொல்லத் தெரியலயா?" என்று கோபமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் எங்க சொல்ல விட்டேன்."

அன்றிலிருந்து அக்கா கேட்க ஆரம்பித்தார். களி வேணுமா, மோர் சோறு வேணுமா, ரசம் கரைச்சுத் தரட்டுமா, ரவைக் கஞ்சி பிடிக்குமா, பழம் மட்டும் போதுமா. ஒவ்வொரு கேள்விக்கும் அந்தப் பெண் சொன்ன மாதிரியே பேசாமல் காத்திருப்பார். நான் வேலைக்குப் போகும்போது கேட்டுக்கொண்டிருப்பார், வரும்போதும் கேட்டுக்கொண்டிருப்பார். மாஸ்டருக்கு அதற்குள் ரொம்பத் தளர்ந்துவிட்டது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலை ஒரே மாதிரிதான் ஆடியது. பழத்தை மட்டும் மசித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் கன்னத்தில் தேங்கி வெளியே வழிந்தது. விழுங்குகிற சக்தியே குறைந்துவிட்டது என்றார் டாக்டர்.

"அவுருக்கு என்ன புடிக்கும்னு உனக்காச்சும் தெரியுமா தம்பி?" என்று என்னைக் கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். எனக்கு என்ன தெரியும்? என் பாகற்காயைப் பற்றி மாஸ்டருக்குத் தெரிந்த அளவுதான். அக்கா மாஸ்டரின் தங்கைக்குப் போன் பண்ணினார். "எங்க அண்ணன் எது குடுத்தாலும் தின்னும் அண்ணி, ஒரு கொற சொல்லாது" என்று அந்தப் பக்கம் பெருமையாகச் சொன்னது எனக்கே கேட்டது. அக்கா போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் டியூப் போட்டார்கள்.

அப்புறம் நடந்தது கொஞ்சம்தான். மாஸ்டர் தைப்பொங்கலைப் பார்க்கவில்லை. அக்கா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு பாகலூருக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். நான் கிருஷ்ணகிரிக்கு மாறி வந்துவிட்டேன். அக்காவின் முகத்தைவிட எனக்கு ஆஸ்பத்திரியில் அந்த ஒரு காலை நேரம்தான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே நான் பெரிதாக எதற்கும் பயன்படவில்லை. இருந்தேன், அவ்வளவுதான்.

டியூப் போட்ட மறுநாள். வீட்டில் எப்படி ஊற்றுவது என்று நர்ஸ் அக்காவுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். பெரிய சிரிஞ்சை மேலே பிடித்து, மெதுவாக விட வேண்டும். டம்ளரில் கலங்கலாகப் பால் மாதிரி இருந்தது.

"இதுல என்னங்க இருக்குது?" என்று கேட்டார் அக்கா.

"பாலு, அவிச்ச முட்டையோட வெள்ளைக்கரு, மிக்ஸியில அடிச்சு வடிகட்டுனது. தெனம் குடுக்கணும்."

"முட்ட இல்லாம குடுக்கலாமுங்களா?"

"ஒடம்புல ஒண்ணுமே இல்லம்மா அவருக்கு. பருப்புத் தண்ணி மட்டும் பத்தாது, இதுதான் சீக்கிரம் ஏத்தும்" என்றார் நர்ஸ். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நேரா வயித்துக்குப் போயிரும்மா. ருசியெல்லாம் தெரியாது" என்றார் அன்பாகவே.

"தெரியாதுன்னுதான் நானும் இருந்தேன்" என்றார் அக்கா.

நர்ஸுக்கு அது புரியவில்லை. அடுத்த கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். அக்கா டம்ளரை முகர்ந்து பார்த்தார். கட்டிலோரம் குனிந்தார்.

"ஏங்க, இதுல முட்ட இருக்குது. ஊத்தட்டுமா?"

காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். மாஸ்டரின் கண் திறந்துதான் இருந்தது. டம்ளரில் ஏடு படிய ஆரம்பித்தது. அக்கா இன்னொரு தரம் கேட்டார். அதற்கும் ஒன்றுமில்லை. சிரிஞ்சை என் கையில் கொடுத்தார்.

"நீ ஊத்து தம்பி. என்னால ஆவாது."

நான் ஊற்றினேன். அக்கா முந்தானையை நாலாக மடித்து, வாசம் எட்டாமல் இருக்க மாஸ்டரின் மூக்குக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். டியூபில் அது மெதுவாக இறங்கியது. மாஸ்டர் துணிக்கு மேலே அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்கிறாரா, பரவாயில்லை என்கிறாரா, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.